சாய்ந்து நின்ற எண்ணெய்

தாசவலசில் எண்ணெய் சாயத் தொடங்கியதை முதலில் பார்த்தவர் பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருந்த லூர்துசாமி. சாயங்காலம் வாணலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தபோது எண்ணெய் கிழக்குப் பக்கம் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது, மேற்குப் பக்கம் வாணலி காய்ந்து கிடந்தது, அடுப்புத்தான் கோணல் போலிருக்கிறது என்று அவர் ஓர் ஓட்டுத்துண்டை அடியில் செருகினார், அப்படியும் எண்ணெய் இறங்கவில்லை, அடுப்பையே ஒரு சுற்றுத் திருப்பி வைத்தார், எண்ணெயும் நிதானமாகத் தன்னைத் திருப்பிக்கொண்டு மறுபடி கிழக்கே பார்த்து நின்றது. திருப்பூர் பஸ் வருகிற நேரம், அதற்கு மேல் யோசிக்க அவருக்கு ஏது பொழுது. எண்ணெய் இருக்கிற பக்கத்திலேயே பஜ்ஜியைப் போட்டு எடுத்தார், ஒரு ஈடுக்குப் பாதிதான் வெந்தது.

தாசவலசு காங்கேயத்துக்குத் தெற்கே, தேங்காயை உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக்கி, கொப்பரையை அரைத்து எண்ணெயாக்கி, எண்ணெயை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிப் பிழைக்கிற ஊர். எந்தத் திசையில் திரும்பினாலும் உலர்களமும் மில்லும்தான், ஊருக்குள் கால் வைத்தவுடனே மூக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் மறுநாள் விடிந்தபோது மில்லில் நின்ற பேரல்களிலும் வீட்டுத் தூக்குப்போசிகளிலும் கோயில் விளக்குகளிலும் எண்ணெய் ஒருச்சாய்ந்து நின்றது, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிய பெண்களின் சடைகள் காற்றில்லாமலே ஒரு பக்கமாக ஒதுங்கின, டேங்கர் லாரிகள் குளத்து மேட்டுத் திருப்பத்தில் ஓட்டுநரைக் கேட்காமல் ஒரு இழுப்பு இழுத்தன. யாரும் வாயைப் பிளக்கவில்லை. மில்காரர்கள் பேரலை முக்காலுக்கு மேல் நிரப்புவதை நிறுத்தினார்கள், பூசாரி திரியை எண்ணெய் இருக்கும் பக்கம் மாற்றிப் போட்டார், பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பெண்ணின் சடையை உற்றுப் பார்த்தபோது, "எங்கூரு எண்ணெய் அப்படித்தானுங்க, கல்யாணமாயி ஊரு மாறினா நேரா நின்னுக்கும்" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்.

கிழக்கே சாய்கிறது என்று லூர்துசாமி சொன்னது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. வடக்குவலசில் எண்ணெய் தெற்கே சாய்ந்தது, குளத்து மேட்டில் வடக்கே சாய்ந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சிவகாமி எதையும் கையோடு முடித்துவிடுகிற பெண்மணி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி எண்ணெய் எடுத்துக்கொண்டு அது சாய்கிற பக்கமாக வீதி வீதியாக நடந்தார், அவருக்குப் பின்னால் ஒரு பத்துப் பேர் நடந்தார்கள், பாட்டில் அவர்களைக் கிழக்கு வீதிக் கடைசியில் மில்காரர் குழந்தைசாமியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. குழந்தைசாமியின் மனைவி வளர்மதி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள், பாட்டில் எண்ணெய் அவளோடு உள்ளே திரும்பியது, தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள், எண்ணெயும் வெளியே வந்தது.

கூட வந்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தை எதுவானாலும் அதற்கு முதல் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் வளர்மதிதான், அவளுக்கென்று ஒரு பிள்ளை இல்லை, ஆனால் ஊரில் பாதிப் பேருடைய முதுகை அவள் கைக்குத் தெரியும். இத்தனை வருசம் பழகிய எண்ணெய் அவள் பக்கம் திரும்பாமல் வேறு யார் பக்கம் திரும்பும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். சிவகாமி மட்டும் பாட்டிலைப் பார்க்காமல் வளர்மதியின் முந்தானைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச மாதங்களாகவே அவள் வயிறு மேடு தட்டியிருந்தது, காலம் போன காலத்தில் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று வீதியில் சிலர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

"வயிறு என்னமாச்சும் பண்ணுதா வளரு?" என்று கேட்டார் சிவகாமி.

"உப்புசமா இருக்குதுங்கக்கா. ரெண்டு வாய் சோறு தின்னாப் போதும், கழுத்து வரைக்கும் வந்து நின்னுக்குது."

சிவகாமி மில்லுக்குப் போய்க் குழந்தைசாமியைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கே கோயமுத்தூரு கூட்டிட்டுப் போ" என்றார். ஏன் என்று குழந்தைசாமி கேட்கவில்லை. அன்று காலை முழுக்க மில் தொட்டியில் எண்ணெய் தன் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தபடிதான் அவரும் நின்றிருந்தார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, சினைப்பையில் ஆரம்பித்த புற்றுநோய் என்றும், அங்கேயே நிற்காமல் குடலுக்கு மேலே மேலாக்குப் போட்ட மாதிரி கிடக்கும் கொழுப்புப் படலத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது என்றும் சொன்னார். "இந்த வகைக் கட்டிக்குக் கொழுப்புன்னா ரொம்பப் பிடிக்கும். பக்கத்துல இருக்கிற கொழுப்பை உறிஞ்சித்தான் வேகமா வளருது" என்றார். அவர் இன்னும் நிறையச் சொன்னார், ஆனால் கொழுப்பு என்ற சொல்லிலேயே குழந்தைசாமியின் காது அடைத்துப்போயிற்று, முப்பது வருசமாகக் கொழுப்பை லிட்டர் லிட்டராக வடித்து விற்ற மனிதர் அவர். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள், வளர்மதியின் முடி கொட்டியது, தாசவலசில் எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியது, ஊர் மூச்சுவிட்டது, பிறகு கட்டி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது, எண்ணெய் இரண்டு விரற்கடை ஏறியது.

அப்போதுதான் குழந்தைசாமிக்கு அந்த யோசனை வந்தது. வேறு ஊர்க்காரராக இருந்தால் வந்திருக்காது. கொப்பரை வராவிட்டால் எந்த மில்லும் ஓடாது, மழைக்காலத்தில் களம் நனைந்து கொப்பரை நின்றுபோனால் எவ்வளவு பெரிய மிஷினும் தானே ஓய்ந்துவிடும், இது அவருக்குக் கைரேகை மாதிரி தெரிந்த விஷயம். பிள்ளையார் கோயில் திடலில் ஊரைக் கூட்டி, "அவளுக்குள்ள ஒரு மில்லு ஓடுதுங்க. நம்ம ஊரு எண்ணெய் பூராவும் அதுக்குத்தான் போவோணும்னு நிக்குது. ஒரு சொட்டு அவகிட்ட அண்டாம நிறுத்திப்போட்டா அது தானா ஓஞ்சுபோயிரும்" என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது, எல்லாரும் கொப்பரைக்காரர்கள்தானே.

அன்றைக்கே கிழக்கு வீதி மில்கள் இரண்டும் மூடப்பட்டன, அதில் ஒன்று குழந்தைசாமியுடையது, பேரல்களைத் தெற்கே குளத்துக்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார்கள், அந்த வீதி வழியாக எண்ணெய் லாரி போகக் கூடாது என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டது, வீதியில் எந்த வீட்டிலும் தாளிப்பதில்லை, அப்பளம் சுட்டுத்தான் தின்றார்கள், விளக்குக்குப் பதில் மெழுகுவத்தி, கார்த்திகைக்கும் மெழுகுவத்திதான். வளர்மதியின் சமையலறையை வெந்நீர் ஊற்றி அரப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள், தேங்காய் இல்லை, நெய் இல்லை, பால் கூட ஆடை எடுத்துத் தண்ணீராகத்தான் வந்தது. ஆனால் வெறும் வயிறாக விட்டுவிட மனசு வருமா, அதனால் வீட்டுக்கு வீடு இனிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கருப்பட்டி கரைத்த கஞ்சி, பேரீச்சம்பழம், வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல் நெய் படாமல். வளர்மதி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். "போதுங்களா?" என்று கேட்பவர்களிடம் "போதுமுங்க" என்றாள்.

எண்ணெய் இறங்கியது. முதலில் குளத்து மேட்டில், பிறகு வடக்குவலசில், தை பிறந்தபோது ஊரெங்கும் எண்ணெய் தண்ணீர் மாதிரி சமமாக நின்றது. கொத்தனார் ஒருவர் மில் தொட்டியில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு மயிரிழை கூடக் கோணலில்லை என்றார். வெடி போட்டார்கள், லூர்துசாமி அன்று வாணலி முழுக்க பஜ்ஜி போட்டுப் போவோர் வருவோருக்கெல்லாம் சும்மா கொடுத்தார், குழந்தைசாமி திடலில் நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், அவர் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை. எண்ணெய் நேராக நிற்கிறபோது ஆஸ்பத்திரி எதற்கு, டாக்டர் சொல்லியிருந்த தேதியைக் கடத்திவிட்டார், அதற்கடுத்த தேதியையும் கடத்தினார்.

வளர்மதியின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. புடவை ஒரு சுற்று அதிகமாக வந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு குழி விழுந்து, வயிறு மட்டும் மேடாக நின்றது. குழந்தைசாமி இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய், ஊர் நிலவரம் தெரிய அவர் மறைவாக வைத்திருந்த சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பார்ப்பார், அது சமமாக நிற்கும், மனசை ஆற்றிக்கொண்டு திரும்பி வருவார். பெற்ற தாய் சொன்னாலும் நம்பாத மனிதர் அந்தக் குப்பி சொன்னதை நம்பினார்.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் மின்சாரம் நின்றுபோயிருந்தது, ஊரில் எந்த மிஷினும் ஓடவில்லை, அவர் வளர்மதிக்குத் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது எங்கேயோ ஒரு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் கேட்கவில்லை, குனிந்தால் கேட்டது. அவள் வயிற்றில் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நன்றாகத் தீனி விழுந்து, பெல்ட் இறுகி, தடங்கலே இல்லாமல் ஓடுகிற மிஷினின் சத்தம், எந்த மில்காரருக்கும் கேட்டால் மனம் குளிர்கிற சத்தம். அவர் படுக்கையைத் தொட்டுப் பார்த்தார், விரலில் வழவழவென்று எண்ணெய் ஒட்டியது, முகர்ந்து பார்த்தார், கொப்பரை வாசம் இல்லை, எள் வாசம் இல்லை, கடலை வாசம் இல்லை, கருப்பட்டி காய்ச்சுகிற வாசம் வந்தது. மறுநாளே அவளைக் காரில் ஏற்றிக் கோயம்புத்தூர் கூட்டிப் போனார்.

டாக்டர் ஜெசிந்தா புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டி பெரிதாகியிருந்தது. வளர்மதியை எடை பார்க்க நர்ஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"கொப்பரையே இல்லாம எப்படிங்க மில்லு ஓடும்?" என்று கேட்டார் குழந்தைசாமி. அவருக்கு அதுதான் புரியவில்லை.

"இது ஓடும். வெளியில இருந்து கொழுப்புக் கிடைச்சா நோகாம எடுத்துக்கும். கிடைக்கலைன்னா சர்க்கரையை எடுத்து அதுலயிருந்து தானே கொழுப்பு செஞ்சுக்கும். நம்ம உடம்புல மத்த செல் பெரும்பாலும் அப்படிச் செய்யறதில்ல, தேவையும் இல்ல. இதுக்குத் தேவை. ஒரு செல் ரெண்டாகணும்னா புதுசா சுவர் வேணும், அந்தச் சுவரே கொழுப்புலதான் கட்டுது. மிச்சத்தைச் சின்னச் சின்னச் சொட்டா உள்ளேயே சேத்து வச்சுக்கும், கஷ்டகாலத்துல எரிச்சுப் பிழைச்சுக்கும். அதோட அவங்க உடம்புல இருந்த கொழுப்பையும் சதையையும் கரைச்சாச்சு."

"நாங்க வாசல அடைச்சோமுங்க டாக்டரம்மா. ஊரே சேந்து அடைச்சோம்."

டாக்டர் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தார். கோபிக்கத்தான் நினைத்தார் போலிருக்கிறது, அந்த முகத்தைப் பார்த்துக் கோபிக்க முடியவில்லை. "நீங்க அடைச்சது கட்டியோட வாசல் இல்லைங்க. அவங்களோட வாய்" என்றார்.

பிறகு மெதுவாக எடுத்துச் சொன்னார். கொழுப்பு உள்ளே நுழைகிற வாசலை அடைக்க ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே கொழுப்புக் காய்ச்சுகிற அடுப்பை அணைக்க இன்னொரு மருந்து இருக்கிறது, ஒன்றை மட்டும் கொடுத்தால் கட்டி மற்றதற்குத் தாவிவிடுகிறது, ஆகையால் இரண்டையும் ஒன்றாக, பழைய மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிற ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் வளர்மதியைச் சேர்க்கலாம். "பலன் கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு. ஆனா இந்த உடம்போட சேர்க்க முடியாது, தாங்காது. கொஞ்சமாவது எடை ஏறணும். எண்ணெய், நெய், முட்டை, கறி எல்லாம் சாப்பிடணும்."

"எண்ணெய் குடுத்தா கட்டியும் சாப்புடுமுங்களே."

"சாப்பிடும். அவங்களும் சாப்பிடட்டும். பட்டினி போட்டா முதல்ல போறது கட்டி இல்லைங்க."

காரில் திரும்பி வந்தார்கள். பல்லடம் தாண்டியதும் குழந்தைசாமி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "வளரு, இத்தன நாளும் உனக்குப் பசிச்சுதா?"

"பசிச்சுதுங்க" என்றாள். "தெனமும் பசிச்சுது. மதியமானா மேக்கால வீதில தாளிக்கற வாசம் காத்துல வரும், கண்ண மூடிட்டு மோந்துட்டுப் படுத்திருப்பேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"வீதியே எனக்காவ வாயக் கட்டிட்டு ஒக்காந்திருந்துது. நீங்க மில்லயே மூடிட்டு ஒக்காந்திருந்தீங்க. எப்படிங்க சொல்லறது, மாமா."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவள் தன் எலும்புக் கையை எடுத்து அவர் முதுகில் வைத்தாள், ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தேய்த்துவிட்ட கை, அவரைத் தட்டிக்கொடுத்தது. அன்பு வைத்தவளைப் பட்டினி போட்டுவிட்டு, வெடி போட்டுக் கொண்டாடி, அதற்காக அழவும் செய்திருக்கிறோமே என்று அவருக்கு அப்போது தோன்றியது, அந்த நினைப்பு பிற்பாடு அவரை விட்டுப் போகவே இல்லை. இனிமேல் பசித்தால் பசிக்கிறது என்றும் பசிக்காவிட்டால் பசிக்கவில்லை என்றும் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். "செரிங்க" என்றாள்.

ஊரைக் கூட்டுவது முதல்முறை போலச் சுலபமாக இல்லை. எண்ணெய் சமமாக நின்று ஊர் அதற்குப் பழகிவிட்டது, சடைகள் நேராகத் தொங்கின, பேரல்கள் நிறைய நிரம்பின. "நேரா நிக்கறத எதுக்குத் தம்பி கெடுக்கோணும்? மறுக்காச் சாஞ்சா அவளுக்கு மறுக்கா வந்துட்டுதுன்னுதான அர்த்தம்" என்றார் சிவகாமி, கெட்ட மனசோடு அல்ல, பயத்தோடு. பலரும் தலையை ஆட்டினார்கள். எண்ணெய் சொன்ன நல்ல சேதியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை, டாக்டரம்மா படிப்பு வேறு நம்ம ஊர் எண்ணெய் வேறு என்றுகூட ஒருவர் சொன்னார்.

"அது போவவே இல்லீங்க அக்கா" என்றார் குழந்தைசாமி. "எண்ணெய் நேரா நின்னுது, ஏன்னா அதுக்கு நம்ம எண்ணெய் வேண்டீதில்ல. உள்ளயே காச்சப் பழகிட்டுது. நாம நல்லதுன்னு கொண்டாந்து குடுத்த கருப்பட்டியத்தான் காச்சுச்சு. நான்தான் சொன்னேன், நீங்க செஞ்சீங்க. நாமெல்லாம் சேந்து வளர்மதியப் பட்டினி போட்டோம்."

கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். முதலில் எழுந்தவர் லூர்துசாமிதான். கடையைத் திறந்து, அடுப்பை மூட்டி, வாழைக்காய் பஜ்ஜி நாலு போட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட வாழையிலையில் எடுத்துக்கொண்டு, எண்ணெய் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்த வீதி வழியாகவே நடந்துபோனார். அவருக்குப் பின்னால் சிவகாமி தன் வீட்டு நெய்க் கிண்ணத்தோடு போனார். இருட்டுவதற்குள் கிழக்கு வீதியில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்காத வீடு இல்லை.

மறுநாளே எண்ணெய் சாய்ந்தது, முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. இந்த முறை ஊர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது, மில்காரர்கள் பேரலைக் குறைத்து நிரப்பினார்கள், சாய்ந்து வழிந்ததைப் பாத்திரம் வைத்துப் பிடித்து வளர்மதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள், பெண்கள் சடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே பூவைச் செருகினார்கள், கோயிலில் விளக்கு ஒரு பக்கமாகவே எரிந்தது, கும்பிடுகிறவர்களும் அந்தப் பக்கமாகவே கொஞ்சம் திரும்பி நின்று கும்பிட்டார்கள். குழந்தைசாமி மில்லைத் திறந்தார். தோசைக்குச் சுற்றிலும் எண்ணெய், பருப்புக்கு நெய், முட்டை, வெள்ளாட்டுக் கறிக் குழம்பு, சின்னச் சின்ன அளவாக, ஒரு நாளைக்குப் பல தடவை. சித்திரையில் வளர்மதியின் எடை டாக்டர் சொன்ன அளவைத் தொட்டது.

மருந்து ஆரம்பித்தபின் நடந்தது எதுவும் லேசானதல்ல. வாசலை அடைக்க ஒன்று, அடுப்பை அணைக்க ஒன்று, கூடவே பழைய பாட்டில் மருந்து. அவள் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது, கண்கள் காய்ந்து மணல் விழுந்தது போல உறுத்தின, மறுபடி வளர ஆரம்பித்திருந்த முடி மறுபடி கொட்டியது. பசி அடியோடு போய்விட்டது. ஊரில் எண்ணெய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாத்திரங்களுக்குள் அது நடுங்கியது, ஒருநாள் அவள் வீட்டுப் பக்கம் ஏறியது, ஒருநாள் நடுவில் சுழித்துக்கொண்டு நின்றது, சில நாள் காலையில் சாய்ந்து சாயங்காலம் நிமிர்ந்தது. விடிந்ததும் யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து, இன்றைக்கு ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்றோ அரை நூல் ஏறியிருக்கிறது என்றோ சொல்வார்கள். குழந்தைசாமி எல்லாரையும் கும்பிட்டு, "எண்ணெய் சேதி எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். பின்கட்டுக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்தார். வயிற்றில் காது வைத்துக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு வேளையும் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குதா வளரு?" என்பார்.

"இல்லீங்க" என்பாள் அவள். உள்ளதைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவரைச் சந்தோசப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம், முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது சொல்லவில்லை. மருந்தை விழுங்குவது போல நாலு வாய் விழுங்குவாள், அதுவும் சில நாள் தங்காது. அந்த "இல்லீங்க" குழந்தைசாமிக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் இறங்கும், ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வேளை வரைக்கும் இருந்தார். நடுவில் எடுத்த படத்தில் கட்டி சற்றுச் சுருங்கியிருந்தது. போய்விடவில்லை. இன்னும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர் ஜெசிந்தா, அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

ஆடி பிறந்து காற்று அடங்கியிருந்த ஒரு காலையில் ஊருக்குள் ஒரு சலசலப்புக் கிளம்பியது. எண்ணெய் நேராக நிற்கிறது என்றார்கள் சிலர், இல்லை, ஒரு மயிரிழை இன்னும் கிழக்கேதான் இருக்கிறது என்றார்கள் சிலர், ரசமட்டக் கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள், அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன்னால் சொல்லமுடியவில்லை என்றார். சேதியை எப்படிச் சொல்வது, சொல்லலாமா என்று தெரியாமல் கையில் பாட்டிலும் கிண்ணமுமாக ஆட்கள் குழந்தைசாமி வீட்டு வாசலில் வந்து கூடினார்கள், யாரும் கூப்பிடவில்லை, வெடி கொண்டுவரவும் இல்லை. சிவகாமி தன் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

குழந்தைசாமி சமையலறையில் அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருந்தார். கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்து எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

பதில் வரவில்லை. தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தார். வளர்மதி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள், முகம் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்தாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.

அவர் கரண்டியோடு அப்படியே நின்று அவள் முகத்தையே பார்த்தார், தனக்காகச் சொல்கிறாளோ என்று பார்த்தார். அவள் கண்ணைத் திறந்து, "அதென்ன நின்னுட்டீங்க, தோச கருகுது" என்றாள்.

வாசலில் யாரோ அவர் பெயரைத் தயக்கமாகக் கூப்பிட்டார்கள். "சித்த இருங்க, வர்றேன்" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, குழந்தைசாமி தோசையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் தோசையைத் திருப்பிப் போட்டார்.